ஸ்பீக்கரை ஓரமாக வைத்த பிறகு

மழலையர் வகுப்பில் 11 வருடமாகப் பாடம் எடுக்கிறேன். மூன்றிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகள், ஒரு வகுப்பில் 20, 22 பேர். முதல் மூன்று வருடம் பாட்டு நேரம் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். ஸ்பீக்கரைப் போட வேண்டும், நான் முன்னால் நின்று கையைக் காலை ஆட்ட வேண்டும், பிள்ளைகள் அதைப் பார்த்துச் செய்ய வேண்டும். வகுப்பு கலகலவென்று இருக்கும். யார் எட்டிப் பார்த்தாலும் நன்றாக நடக்கிற வகுப்பு என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு நாள் பெற்றோருக்கு அனுப்புவதற்காக அதை வீடியோ எடுத்தோம். ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததால், சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். பாட்டு காதில் விழாதபோதுதான் கால்கள் கண்ணில் பட்டன. முன்வரிசையில் நாலைந்து பேர் என் கையையே பார்க்கிறார்கள். நான் கையைத் தூக்கி இறக்கிய பிறகு அவர்கள் கை மேலே போகிறது. நடுவில் நிற்பவர்கள் அவரவர் வேகத்தில் குதிக்கிறார்கள். பின்னால் ஒரு சிறுமி, பாட்டு தொடங்கி முடியும்வரை சட்டை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நிற்கிறாள். ஒரு கால்கூட இன்னொரு காலோடு சேரவில்லை. நடந்துகொண்டிருந்தது பாட்டு ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம்.

அந்த வீடியோவை நான் பெற்றோருக்கு அனுப்பவில்லை. நாலைந்து தடவை போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது ஒரு ஆய்வு கிடைத்தது. செபாஸ்டியன் கிர்ஷ்னர், மைக்கேல் டொமாசெல்லோ இருவரும் 2009-இல் வெளியிட்டது. இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுப் பிள்ளைகளைத் தாளத்தோடு சேர்ந்து ட்ரம் தட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு முறை எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டுகிறார். ஒரு முறை ஒரு இயந்திரம் தட்டுகிறது. ஒரு முறை ஸ்பீக்கரிலிருந்து சத்தம் மட்டும் வருகிறது. இந்த மூன்று பிரிவுப் பிள்ளைகளுக்குமே மனிதரோடு தட்டும்போதுதான் தாளம் நன்றாகச் சேர்ந்தது. நான் மூன்று வருடமாக ஸ்பீக்கரிடம் விட்டுவைத்திருந்த வேலை என்னவென்று அதைப் படித்தபோதுதான் புரிந்தது.

மறுநாளே ஸ்பீக்கரை அலமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். என் குரல் ஒன்றும் பாடகி குரல் இல்லை. சில இடத்தில் சுருதி நழுவும். பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. குரலால் பாடும்போது நிறுத்தலாம், ஒரு வரியைத் திரும்பச் சொல்லலாம், ஒருத்தி வாயைத் திறக்கப் போகிறாள் என்று தெரிந்தால் அரை நொடி காத்திருக்கலாம். பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் காத்திருக்காது.

குரல் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் நமக்கு வசதியான தாழ்ந்த குரலில் ஆரம்பித்துவிடுகிறோம். பிள்ளைகளால் அங்கே இறங்க முடியாது, அதனால் பாடாமல் ஒப்பிக்க ஆரம்பிப்பார்கள். கீபோர்டு இருந்தால் நடு ‘சி’க்கு அடுத்த ‘டி’யிலிருந்து மேலே ‘ஏ’ வரைக்கும் உள்ள ஐந்து சுரத்துக்குள் பாட்டை வைத்துப் பாருங்கள். மூன்று நான்கு வயதுக் குரலுக்குப் பெரும்பாலும் அதுதான் வசதி. நமக்குக் கொஞ்சம் உயரமாகத் தெரியும். பழகிவிடும்.

குரல் சரியானது. வேகம் சரியாகவில்லை. நிதானமாகப் பாடினால் பிள்ளைகள் முன்னால் ஓடுகிறார்கள், வேகமாகப் பாடினால் வார்த்தை வாயில் நிற்கவில்லை. இதற்கும் காரணம் உண்டு. சும்மா விரலால் மேசையைத் தட்டச் சொன்னால் பெரியவர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 100 தட்டுப் பக்கத்தில் தட்டுவோம். நாலு வயதுப் பிள்ளை 140, 150 பக்கத்தில் தட்டும். கால் சிறியது, உடம்பு சிறியது, அடியும் சிறியது. நமக்கு நிதானமான நடை அதற்குப் பொறுக்க முடியாத மெதுவான நடை. அதே ஆய்வில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். எதிரே மனிதர் இருந்தால் இரண்டரை வயதுப் பிள்ளைகூடத் தன் சொந்த வேகத்தை விட்டு இன்னொருவர் வேகத்துக்கு மாற முடிகிறது. ஆனால் அந்த மாற்றத்தை எங்கிருந்து தொடங்குவது? பிள்ளையின் வேகத்திலிருந்துதான் என்று எனக்குத் தோன்றியது. முதலில் நான் அதன் வேகத்துக்குப் போக வேண்டும். அப்புறம்தான் அதை என்னோடு கூட்டிவர முடியும்.

இப்போது நான் செய்வது இதுதான். கையில் ஒரு சின்ன ட்ரம். ஒரு பிள்ளை அறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடக்கும். அதன் ஒவ்வொரு காலடி தரையில் படும்போதும் நான் ஒரு தட்டு. அது நின்றால் நான் நிறுத்துவேன். அது ஓடினால் என் கையும் ஓடும். நாலாவது ஐந்தாவது அடியில் பிள்ளைக்கு விஷயம் பிடிபட்டுவிடும். சத்தம் தன் காலிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்ட அந்த முகத்தை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்னும் சலிக்கவில்லை. சட்டென்று நிற்பார்கள், என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், வேண்டுமென்றே ஒரு காலை மட்டும் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு தட்டு. சிரிப்பு. பத்துப் பேர் இப்படி நடந்து முடித்த பிறகு, “இப்போ எல்லோரும் ட்ரம் சொல்ற மாதிரி நடங்க” என்றால் நடக்கிறார்கள். முன்பெல்லாம் எவ்வளவு கத்தினாலும் வராதது.

ஒரு வருடம் என் வகுப்பில் வலது காலில் பிரேஸ் போட்ட பையன் ஒருவன் இருந்தான். நடக்கிற விளையாட்டு வரும்போதெல்லாம் அவனை என் பக்கத்தில் உட்காரவைத்து ட்ரம்மைக் கையில் கொடுத்துவிடுவேன். அது அவனுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். உண்மையில் அவனை விளையாட்டிலிருந்து நான் விலக்கித்தான் வைத்திருந்தேன். ஒரு நாள் அவன் ட்ரம்மை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தான். “என் நடைக்குத் தட்டுங்க டீச்சர்.”

அவன் இடது கால் விழுந்த பிறகு வலது கால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு வரும், வந்த உடனே இடது கால் அடுத்ததற்குப் போய்விடும். ஒரு நீளம், ஒரு குட்டை. தாஆ-தி, தாஆ-தி. கேட்டுத் தட்டத் தட்ட, அது குதிரை துள்ளிப் போகிற தாளம்போல ஒலித்தது. அறையின் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து திரும்பி நின்றான். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி, “எனக்கும் அது மாதிரி வேணும்” என்றாள். அன்றைக்கு வகுப்பே தாஆ-தி என்று நடந்தது. இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்கிற பிள்ளைகளுக்கு அது சுலபமாக வரவில்லை. அவன்தான் முன்னால் நடந்து சொல்லிக்கொடுத்தான். அந்த வருடம் முழுக்க அந்த நடைக்கு அவன் பெயரைத்தான் பிள்ளைகள் வைத்திருந்தார்கள். தாளம் பற்றி எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அது. பயிற்சி வகுப்புகளில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

உடம்பில் இறங்காத தாளம் காகிதத்தில் இருந்து பிரயோசனமில்லை என்பதை 100 வருடத்துக்கு முன்பே ஒருவர் கண்டுகொண்டிருக்கிறார். சுவிட்சர்லாந்தின் எமில் ஜாக்-டால்குரோஸ். ஜெனீவா இசைக் கல்லூரியில் 1892 முதல் ஹார்மனி, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் முறை, சொல்லிக்கொடுத்தவர். நன்றாக வாசிக்கத் தெரிந்த மாணவர்களே தாளத்தை உணராமல் வாசிக்கிறார்கள், ஆனால் தெருவில் அதே மாணவர்கள் தடுமாறாமல் சீராக நடக்கிறார்கள் என்று கவனித்தார். அந்த நடையிலிருந்தே பாடத்தை ஆரம்பித்தார். ஹங்கேரியின் இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய் வழியில் கற்றுக்கொடுப்பவர்கள் ஒரு அடிக்குத் ‘தா’ என்றும், அதையே இரண்டாகப் பிரித்தால் ‘தி-தி’ என்றும் சொல்லவைப்பார்கள். நான் ‘தா’வுக்கு நடக்கவும் ‘தக’வுக்கு ஓடவும் சொல்கிறேன். தக தக தா தா. நம் நாக்குக்கு அது இன்னும் நன்றாகப் புரள்கிறது.

கருவிகள் பற்றி. இதில் நான் பட்ட பாடு நிறைய. முதல் தடவை 22 கிலுகிலுப்பையை 22 கையில் கொடுத்துவிட்டு, “இப்போ கவனிங்க” என்று ஆரம்பித்தேன். கருவி கையில் வந்த பிறகு நாம் சொல்கிற எதுவும் காதில் ஏறாது, அது பிள்ளைகளின் குற்றமும் இல்லை. ஆட்டத்தான் அதைக் கொடுத்தோம், ஆட்டுகிறார்கள். இப்போது முதலில் நிறுத்தத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். வெறுங்கையோடு உட்கார்ந்து, கையில் கிலுகிலுப்பை இருப்பதாக வைத்துக்கொண்டு ஆட்டுவோம், “தூங்குது” என்றதும் மடியில் படுக்கவைப்போம். இது இரண்டு மூன்று நாள் போகும். பிறகு ஒரே ஒரு நிஜக் கருவி வட்டத்தைச் சுற்றி வரும். ஒவ்வொருவரும் நாலு தடவை ஆட்டிவிட்டுப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் நாலு எண்ணுவார்கள். எல்லோர் கையிலும் கருவி வருவது இரண்டாவது வாரத்தில்தான். அதற்குள் மடியில் படுக்கவைப்பது தானாகவே வந்துவிடும்.

வீட்டில் செய்கிறவர்கள் பாட்டிலில் தானியம் போட்டுக் கிலுகிலுப்பை செய்வார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் மூடியைப் பசை போட்டு ஒட்டி, மேலே டேப்பும் சுற்றிவிடுங்கள். மூன்று வயதுப் பிள்ளை மூடியைத் திறக்கும், தானியம் மூக்குக்கோ தொண்டைக்கோ போகும். வாரத்துக்கு ஒரு முறை டேப் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் சைலோபோன் வாங்கினால், அந்தக் கட்டைகளைக் கழற்றி மாட்டக்கூடியதாக வாங்குங்கள். ஜெர்மனியின் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் 1924 முதல் ம்யூனிக்கில் இசையையும் நடனத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்த பள்ளியில் வேலை செய்தவர். அவர் வழியில் சொல்லிக்கொடுப்பவர்கள் செய்கிற ஒரு எளிய காரியம், ‘ம’, ‘நி’ என்ற இரண்டு கட்டைகளை எடுத்துவிடுவது. மிச்சம் ஐந்து சுரம். அதில் நாலு பிள்ளைகள் ஒரே நேரத்தில் எதைத் தட்டினாலும் ஒன்றோடொன்று முட்டாது. தப்பாகத் தட்டிவிடுவோமோ என்று கையை இழுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். “ஆடுங்க” என்று சொன்னால் மூன்று பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் அந்த மூன்று பேரைப் பார்ப்பார்கள். எப்படி ஆட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே! “இலை மாதிரி விழுங்க” என்று சொல்லிப் பார்த்தேன். பொத்தென்று விழுந்தார்கள். அப்புறம் ஒரு மெல்லிய துணியைக் கொண்டுபோய், நாற்காலியில் ஏறி நின்று மேலேயிருந்து விட்டேன். “பேசாமல் பாருங்க, அது என்ன பண்ணுதுன்னு.” துணி முதலில் கொஞ்சம் நின்றது, ஒரு பக்கம் சரிந்தது, மடிந்தது, சுழன்றது, தரையைத் தொட்ட பிறகும் ஒரு முனை மட்டும் மெதுவாக அமர்ந்தது. மூன்று தடவை விட்டேன். நாலாவது தடவை பிள்ளைகள் துணியோடு சேர்ந்து இறங்கினார்கள். ஒருவன் முழுக்கப் படுத்த பிறகு, கடைசியாகத் தன் சுண்டுவிரலை மட்டும் தரையில் இறக்கினான். அந்த முனையை அவன் பார்த்திருக்கிறான்.

அதற்குப் பிறகு, கண்ணால் பார்க்காத ஒன்றைப்போல அசையச் சொல்வதைக் கூடுமானவரை தவிர்க்கிறேன். உருளும் பந்து, பிழிந்த ஸ்பாஞ்ச் மெதுவாக விரிவது, சாவி கொடுத்த பொம்மை வேகம் குறைந்து நிற்பது, நூலில் தொங்கும் சாவிக்கொத்து ஆடி ஓய்வது. இப்படி அறையிலேயே எவ்வளவோ இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பயன்பட்ட விளையாட்டு, நிற்கிற விளையாட்டு. ட்ரம் ஒலித்தால் நட, நின்றால் சிலையாகிவிடு. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதை ஒரு மாதம் ஒரே மாதிரி விளையாடினால் பிள்ளைகள் யோசிக்காமலே செய்வார்கள். பழகியதும் விதியைத் திருப்பிப் போடுகிறேன். ட்ரம் ஒலித்தால் சிலை, நின்றால் நட. அல்லது வேகமாகத் தட்டினால் மெதுவாக நடக்க வேண்டும், மெதுவாகத் தட்டினால் வேகமாக. உடம்பு ஒன்றைச் செய்யத் துடிக்கும், அதைப் பிடித்து நிறுத்தி இன்னொன்றைச் செய்ய வேண்டும். பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எவ்வளவு பெரிய வேலை நடக்கிறது என்று தெரியும். கோபம் வந்தால் கை நீட்டிவிடும் பையன் ஒருவன் இருந்தான். “அடிக்கக் கூடாது” என்று நூறு முறை சொல்லியிருப்போம். இந்த விளையாட்டு ஆரம்பித்து இரண்டு மாதம் இருக்கும். கட்டைகளை வைத்து விளையாடும்போது சண்டை வந்தது. அவன் கை மேலே போனது, அப்படியே நின்றது. “சிலை” என்று வாய்க்குள் முணுமுணுத்தான். அன்றிலிருந்து அவன் அடிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன், அடித்தான். ஆனால் நிறுத்த ஒரு வழி அவனுக்குக் கிடைத்திருந்தது. அதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பயன்படுத்த முடிந்தது.

“எப்பப் பார்த்தாலும் பாட்டும் ஆட்டமும்தானா? எழுத எப்போ ஆரம்பிப்பீங்க?” இந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோர் குறைவு. கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர்களுக்கு என் பதில், படம் - பட்டம்.

சொல்லை அசை பிரித்துக் கைதட்டுவது எல்லா மொழியிலும் செய்கிற பயிற்சிதான். யா-னை, இரண்டு தட்டு. மு-த-லை, மூன்று. வண்-ணத்-துப்-பூச்-சி, ஐந்து. இதில் எங்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. ‘படம்’ என்றாலும் இரண்டு தட்டு, ‘பட்டம்’ என்றாலும் இரண்டு தட்டு. அப்படியானால் வித்தியாசம் எங்கே? தமிழ் எழுத ஆரம்பிக்கும் பிள்ளைகள் புள்ளி எழுத்தை விழுங்கிவிட்டு, பட்டம் என்பதைப் படம் என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ‘ட்’ தனியாக ஒரு தட்டாக வராது, முன்னால் இருக்கும் எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால் ‘ப-டம்’ என்னும்போது முதல் தட்டைச் சட்டென்று தட்டி விடுவோம். ‘பட்-டம்’ என்னும்போது தட்டிய கையைப் பிரிக்காமல் ஒரு அழுத்து அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போவோம். காலால் செய்தால் இன்னும் தெளிவு. ‘ப’வுக்கு ஒரு சின்னத் தாவல், ‘பட்’டுக்குத் தாவி, முழங்காலை மடக்கி ஒரு நொடி நிற்பது. மலை - மல்லி. பசு - பச்சை. கதை - கத்தி. பிள்ளைகள் இதைச் சொல்லிக்கொண்டே வராந்தா முழுக்கத் தாவுவார்கள். பிறகு ஒரு வருடம் கழித்து அவர்கள் எழுத உட்காரும்போது, சந்தேகம் வந்தால் பென்சிலை வைத்துவிட்டு மேசைக்கு அடியில் கையை அழுத்திப் பார்க்கிறார்கள் என்று அடுத்த வகுப்பு ஆசிரியை வந்து சொன்னார். அதை நானும் போய்ப் பார்த்தேன்.

நெடில் குறிலுக்கும் இதே வழி. ‘பல்’லுக்கு ஒரு அடி, ‘பால்’ என்றால் கையை இழுத்து நீட்டிக்கொண்டே ஒரு அடி. யோசித்துப் பார்த்தால் இது புதிதும் இல்லை. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்றுதானே நம் இலக்கணமே அளந்து வைத்திருக்கிறது. எழுத்தின் நீளத்தை உடம்பால் அளந்தவர்கள் நாம்.

உட்காரவைத்து எழுதவைப்பதில் அவசரப்படுகிறவர்களுக்கு இன்னொரு தகவலும் சொல்வேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் குறைந்தது 180 நிமிட உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு இருக்க வேண்டும் என்று இருக்கிறது. மூன்று மணி நேரம். பள்ளியில் நாம் அதில் பங்கு கொடுக்காவிட்டால் வேறு எங்கே கிடைக்கும்?

வேறு சில பெற்றோர் நேர் எதிர். இசையமைப்பாளர் மொசார்ட்டின் இசையைப் போட்டால் மூளை வளரும் என்று கேள்விப்பட்டு, குழந்தை தூங்கும்போதும் போட்டுவைப்பார்கள். அந்தப் பேச்சுக்கு மூலம் 1993-இல் வந்த ஒரு சின்ன ஆய்வு. அதில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள். பத்து நிமிடம் கேட்ட பிறகு, வடிவங்களை மனதில் வைத்துப் பார்க்கும் சோதனையில் கொஞ்ச நேரத்துக்கு மதிப்பெண் கூடியது, கால் மணிக்குள் அது போய்விட்டது. குழந்தைகளைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. நல்ல இசையைக் குழந்தை கேட்பது நல்லதுதான், கேட்கட்டும். ஆனால் குழந்தையை மடியில் வைத்து, முகத்தைப் பார்த்துப் பாடி, கூடவே அசைவது வேறு. ஒரு ஆய்வில், 14 மாதக் குழந்தைகளை ஒருவர் தூக்கிவைத்துப் பாட்டுக்கு ஏற்பக் குலுக்க, எதிரே நின்ற இன்னொருவரும் அதே தாளத்தில் குதித்தார். பிறகு அந்த எதிரே நின்றவர் கைதவறிப் போட்ட பொருளை எடுத்துக்கொடுக்கக் குழந்தைகள் கூடுதலாக முன்வந்தன. எதிரே இருந்தவர் தாளம் சேராமல் குதித்திருந்தால் அவ்வளவு உதவவில்லை. இது லாரா சிரெல்லியும் அவர் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு. கூட அசைந்தவரைக் குழந்தை தன்னோடு சேர்த்துக்கொள்கிறது.

சேராத பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டை நுனியைச் சுற்றிக்கொண்டு நின்ற அந்தச் சிறுமியை நான் ஆரம்பத்தில் கையைப் பிடித்து நடுவில் இழுத்துவிடுவேன். அவள் உடம்பு இறுகிவிடும். இப்போது வட்டத்துக்கு வெளியே ஒரு பாய் போட்டிருக்கிறேன். அங்கே உட்கார்ந்து பார்க்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டோம். தண்டனைக்கான இடம் அது இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குத் தெரியவைக்க, சில நாள் நானே போய் அங்கே உட்கார்ந்துகொள்வேன். சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் அது உதவுகிறது. அவர்கள் தூரத்தைத் தாங்களே தீர்மானிக்கிறார்கள், சில வாரத்தில் பாய் ஒவ்வொரு சாணாக வட்டத்துக்குப் பக்கத்தில் நகர்ந்திருக்கும். அப்படி ஒருத்தி நாலு மாதம் பாயிலேயே இருந்தாள். அவள் அம்மா வந்து, “வீட்டுல எல்லாப் பாட்டும் பாடுறா, தம்பியை உட்காரவெச்சு ‘தூங்குது’ங்கிறா” என்றார். நான் செய்யும் கையசைவு, நான் மூச்சு விடும் இடம் உட்பட அத்தனையும் அவளிடம் போயிருந்தது. அதன் பிறகு யாரையும் நான் நடுவில் இழுத்ததில்லை.

என் வருத்தம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை செய்த ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்காக மூன்று மாதம் ஒரே பாட்டுக்கு ஒரே ஆட்டத்தைப் பழக்கினேன். தினம் ஒரு மணி நேரம். தப்புச் செய்தால் திரும்ப முதலிலிருந்து. மேடையில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஸ்பீக்கரில் அவர்கள் அதுவரை கேட்டிராத அளவுக்குச் சத்தம். முன்வரிசையில் நின்ற நாலு வயதுப் பையன் அசையாமல் நின்று அழுதான், கால்சட்டை நனைந்தது. திரை மறைவிலிருந்து நான் கையசைத்து, ஆடு ஆடு என்று சைகை காட்டிக்கொண்டிருந்தேன். போய்த் தூக்கவில்லை. பாட்டு முடியும்வரை தூக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் வகுப்பிலும் பாட்டு நேரத்தில் எழுந்திருக்கவில்லை. தினமும் துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை அவன்.

இப்போது மேடை நிகழ்ச்சி கேட்டால், பெற்றோரை வகுப்புக்கே வரச் சொல்கிறேன். தரையில் உட்காரட்டும், பிள்ளை அவர்களை நடக்கவைத்து ட்ரம் தட்டட்டும். பெரியவர்கள் முதல் ஐந்து நிமிடம் கூச்சப்படுவார்கள். அப்புறம் அவர்களைத் திரும்ப அனுப்புவதுதான் கஷ்டம்.

தினசரி நான் எடுத்துக்கொள்வது 15, 20 நிமிடம். வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் செய்வதைவிட இதுதான் நிற்கிறது. புதுப் பாட்டு மாதத்துக்கு இரண்டுக்கு மேல் கொண்டுவருவதில்லை. நமக்குச் சலிக்கும் நேரத்தில்தான் பிள்ளைகளுக்குப் பிடிபட ஆரம்பிக்கும். பொம்மைகளை எடுத்துவைக்க ஒரு பாட்டு வைத்திருக்கிறோம், அதைக் கட்டளையாகப் பயன்படுத்துவதில்லை. பாட்டு முடிவதற்குள் கூடை நிறைய வேண்டும் என்பதுதான் விளையாட்டு. கூடை நிறையவில்லை என்றால் கடைசி வரியை நான் மெதுவாக இழுத்துப் பாடுவேன், அவர்களும் இழுப்பார்கள். அது ஸ்பீக்கரால் முடியாத இன்னொரு காரியம்.

எதற்குப் பிறகு எது என்ற வரிசையில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பிள்ளைகள் இருக்கிற வேகத்தில் ஆரம்பித்து, ஏற்றி, பிறகு இறக்க வேண்டும். உச்சத்தில் நிறுத்திவிட்டு, “போய் உட்காருங்க” என்று சொல்லிப் பல நாள் அவதிப்பட்டிருக்கிறேன். ஓடிய கால் அடுத்த அரை மணிக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ட்ரம் மெதுவாகும், நடை மெதுவாகும், உட்கார்ந்து ஆடுவோம், விரல் மட்டும் ஆடும், விரலும் நிற்கும். மரியா மாண்டிசோரி தன் பள்ளியில் மௌனத்தையே ஒரு விளையாட்டாக வைத்திருந்தார். எல்லோரும் அசையாமல் இருக்க, மெல்லிய குரலில் ஒவ்வொரு பிள்ளையின் பெயராகக் கூப்பிடுவார், கூப்பிட்ட பிள்ளை சத்தமில்லாமல் எழுந்து வர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் நாங்களும் அதைச் செய்கிறோம்.

மற்ற நாட்களில் ட்ரையாங்கிள். கயிற்றில் தொங்கும் அந்த முக்கோணக் கம்பியை ஒரே ஒரு தட்டுத் தட்டுவேன். எல்லோரும் கண்ணை மூடிக் கையைத் தூக்கியிருப்பார்கள். சத்தம் கேட்கும்வரை கை மேலே, கேட்காமல் போனதும் கையை இறக்க வேண்டும். முதல் வாரம் உடனே எல்லாக் கையும் இறங்கிவிடும். போகப் போக நேரம் நீளும். எனக்குச் சத்தம் முடிந்துவிட்ட பிறகும் ஏழெட்டுக் கைகள் மேலேயே இருக்கும். ஒவ்வொன்றாக இறங்கும். பிரேஸ் போட்ட அந்தப் பையன் இருந்த வருடம், கடைசிக் கை பெரும்பாலும் அவனுடையதாக இருக்கும். அவன் இறக்கும்வரை நான் கம்பியைத் தொடாமல் பிடித்துக்கொண்டு நிற்பேன்.